சன்னலோர நாற்காலி

அவள் வருவதற்குள் யாரோ அவருக்குத் தலை வாரிவிட்டிருந்தார்கள். அதுவும் வலப்பக்கம் வகிடெடுத்து. அந்த வகிடு இந்த முதியோர் இல்லத்தில் அவள் கைக்கு மட்டும்தான் தெரியும். வேறு யார் சீப்பை எடுத்தாலும் கடிக்க வருவார்.

"யாருங்க வாரிவிட்டது?"

"என் பொண்டாட்டி. அதோ உக்காந்திருக்கா."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சன்னலோர நாற்காலி. காலியாகத்தான் இருந்தது.

சேர்த்த அன்றே நர்ஸ் சொல்லியிருந்தாள். "மறதி வந்தவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதீங்கம்மா. அவர் என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லுங்க. நாங்களும் அப்படித்தான்." எட்டு மாதமாக அவளும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தாள். செத்துப்போன மாமியார் வந்து போனதாகச் சொன்னாலும் ஆமாம், வாசலில் ரயில் நிற்கிறது என்றாலும் ஆமாம். போன மாதத்திலிருந்து தினமும் அந்த நாற்காலியைக் காட்டி, பெண்டாட்டி வந்திருக்கிறாள் என்றபோதெல்லாம் வயிறு எரிய ஆமாம் என்றாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், ஒரே ஒரு தரம் தன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

நடைபாதையில் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு நெருங்கிக்கொண்டிருக்க, பினாயில் நெடிக்கும் மாலை வெயிலில் காய்ந்த திரைச்சீலையின் புழுதி வாசத்துக்கும் அடியிலிருந்து, அவள் வழக்கமாகத் தலைக்குத் தடவும் எண்ணெயின் வாசனை மெல்லக் கிளம்பியது. இன்று அவள் எண்ணெய் தடவவில்லை. வாசனை சன்னல் பக்கமிருந்து வந்தது. நாற்காலியின் பிரம்பு, யாரோ நகர்ந்து உட்கார்ந்ததுபோல் முனகியது.

போதும் என்று தோன்றியது அவளுக்கு.

"அங்க யாரும் இல்லைங்க. நான்தான் உங்க பொண்டாட்டி."

அவர் முகம் வெளிறியது. நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா யாரு?"

காது கொடுத்துக் கேட்டார். தலையாட்டினார். பிறகு இவளைப் பார்த்தார்.

"தினமும் நீங்கதானே ஆமான்னு சொன்னீங்க?"

அதற்குள் நர்ஸ் மருந்துக் குவளையோடு வந்தாள். இவளைத் தாண்டிப் போனாள். பார்க்கவே இல்லை.

"இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களாம்மா?" நாற்காலியிடம் கேட்டாள். குவளையை நீட்டினாள். கையை எடுத்தாள்.

குவளை விழவில்லை.

அந்தரத்தில் நின்றது. மெல்ல அவர் உதட்டை நோக்கி நகர்ந்தது.

அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.