காக்கை எடுக்காத சோறு

மஞ்சள் அட்டையில் ஒரு பூச்சிகூட இல்லை.

லெட்சுமி கையிலிருந்த பச்சை பல்பை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். நேற்றுவரை கடுகு கொட்டியதுபோல அட்டை முழுக்கக் குட்டிக் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் ஒட்டிக் கிடந்தன. பழைய ஃபைல் அட்டையில் எலிப் பசையைத் தடவி, செடிகளுக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிடுவது அவள் வீட்டுக்காரர் பக்தவத்சலம் கண்டுபிடித்த வழி. எலியே அசைய முடியாத பசை. அதில் ஒட்டிய கொசுவளவுப் பூச்சி பிய்த்துக்கொண்டு போக வழியே இல்லை. ஆனால் பசை அப்படியே பளபளத்துக்கொண்டிருக்க, பூச்சிகளை மட்டும் காணோம். அட்டையின் குறுக்கே நாலு விரல் அகலத்துக்கு ஈரம் காய்ந்த தடம் ஒன்று இருந்தது.

பூச்சி ஒழிந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. அவர் போனதிலிருந்து இப்படித்தான். எது நடந்தாலும் பக்கத்து வீட்டு டீவியில் நடப்பதுபோலக் காதில் விழுந்து போய்விடுகிறது.

வெளியே காலை பதினொரு மணி. கிள்ளான் நகரத்து வெயில் நாலாவது மாடிச் சுவரைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இந்தப் பின்னறை மட்டும் கும்மிருட்டு. பூக்கிற காலத்தில் கஞ்சாச் செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும், நடுவில் வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று பச்சை பல்பு வாங்கி வைத்தவரும் அவர்தான். எல்லார் வீட்டிலும் ஏர்கோன் ஓடுகிற ராத்திரியில் இங்கே விளக்கும் மின்விசிறியும் ஓடும். காலை ஏழு மணிக்கு டைமரில் எல்லாம் தானாக அணைந்துவிடும். ஊருக்குப் பகல் என்றால் இந்த அறைக்கு ராத்திரி.

இவ்வளவு பாடும் ஷாமினிக்காக. இருபத்திரண்டு வயது மகள். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், வலிப்பும் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. போன வருஷம் குளியலறையில் விழுந்து நெற்றி பிளந்த அன்றுதான், லோரி ஓட்டப் போன பக்தவத்சலம் எங்கிருந்தோ நாலு விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த எண்ணெய் இரண்டு சொட்டு நாக்கில் விட்டால் வாரத்துக்கு மூன்று வலிப்பு ஒன்றாகக் குறைந்தது. மாட்டினால் ஆயுசுக்கும் வெளியே வர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் வளர்த்தார்கள்.

உரம் எல்லாம் அடுப்படிச் சரக்கு. அரிசி கழுவிய தண்ணீர், ஊறவைத்த வாழைப்பழத் தோல், இடித்த முட்டை ஓடு. பாசாரில் மீன்காரன் தூக்கிப் போடுகிற குடலையும் செதிலையும் கேட்டு வாங்கி, சிவப்புச் சீனி போட்டு, வாளியில் மூடி வைப்பார். பூச்சிக்கு வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் சவர்க்காரம். அதற்கும் அடங்காவிட்டால் பூண்டும் சீலிப்பாடி மிளகாயும் அரைத்துத் தெளிப்பார். "செடிக்கும் பசிக்கும் லெட்சு. கடை உரம் வாங்க நம்மால ஆகுமா? நம்ம சாப்புடுறதுல மிஞ்சுறத அதுக்கும் போடு" என்பார்.

அப்படிச் சொன்ன மனுஷனுக்குத் தொண்டையில் புற்று. கடைசி நாற்பது நாளும் மூக்கில் குழாய்தான். பேச்சு நின்ற பிறகும் வலது கை விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டுவார். ஒரு வாய் சோறு. கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் கொடுக்கவில்லை. விரல் குவிந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தாள். நண்டு வறுவல், மீன் தலைக் கறி, சுடுசோறு. இலையில் எடுத்து வராந்தாச் சுவர்மேல் காக்கைக்கு வைத்தார்கள். காக்கை வரவில்லை. முந்தின மாதம்தான் நகராட்சிக்காரர்கள் ஆள் வைத்துத் துப்பாக்கியால் அந்தப் பேட்டைக் காக்கைகளையெல்லாம் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று "கா, கா" என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கொழுந்தன் வாசு மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணி, எனக்கு ஷிப்டு இருக்கு. இனிமே வராது லா. ஆத்துல கொண்டுபோய் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பூச்சோங்குக்குக் கிளம்பிவிட்டான்.

ஆறு எங்கே, அவள் எங்கே. லிப்ட் வேறு கெட்டுக் கிடந்தது. உள்ளே ஷாமினி கண் செருகத் தொடங்கியிருந்தாள். இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், எதுவும் யோசிக்காமல் அப்படியே உர வாளியில் வழித்துப் போட்டு மூடினாள். உப்பும் காரமும் போட்ட சோறு செடிக்கு ஆகாது என்று தெரியும். செத்தவருக்கு வைத்ததை வேறெதற்கும் போடக்கூடாது என்பதும் தெரியும். தெரிந்தது எதுவும் அன்றைக்கு அவள் கைக்கு எட்டவில்லை. ஏழு நாள் கழித்து வாளியைத் திறந்து, தண்ணீர் கலந்து, நாலு தொட்டிக்கும் ஊற்றினாள்.

இலை நுனி கருகியிருக்க வேண்டும். கருகவில்லை. செடிகள் கறுப்புப் பச்சையில் தளதளவென்று நிமிர்ந்தன. சுவரோரத் தொட்டியில் இருந்தது மற்றதைவிட முந்திப் பூத்து முதிர்ந்தது. அதை வெட்டிக் காயவைத்து எடுத்த எண்ணெய்தான் இப்போது கொடுப்பது. இன்றோடு பதினொரு நாள். ஒரு வலிப்பு இல்லை.

அதனால் மஞ்சள் அட்டையைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துத் தொட்டி தொட்டியாக ஊற்றினாள். வெட்டிய செடியின் கட்டை மட்டும் நிற்கிற சுவரோரத் தொட்டிக்கும் பழக்கத்தில் ஒரு குவளை ஊற்றினாள். அறை முழுக்க வேப்பெண்ணெய் வாடையும், மண் வாடையும், பூவின் அந்தக் குமட்டுகிற பச்சை வாடையும் ஒன்றாகக் கலந்து ஈரத் துணிபோல மூக்கில் அப்பிக்கொள்ள, இருட்டில் மின்விசிறிகூட ஓடாத அந்த அமைதியில், மண்ணுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. களக். கொஞ்சம் நின்றது. மறுபடி களக். குழாய் போடுவதற்கு முந்தைய வாரம் அவர் தண்ணீர் குடிக்கும்போது கேட்ட சத்தம்.

தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு வடியவில்லை. இன்னொரு குவளை ஊற்றினாள். அதுவும் போனது.

மறுநாள் உர வாளியின் மூடி கீழே கிடந்தது. முந்தின நாள்தான் மீன் குடல் போட்டு வைத்திருந்தாள். வாளி காலி. கழுவிக் கவிழ்த்ததுபோல, ஓரத்தில் ஒட்டிய செதில்கூட மிச்சமில்லாமல் துடைத்துக் கிடந்தது. பூனை என்று சொல்லிக்கொள்ளலாம். பூட்டிய அறைக்குள் எந்தப் பூனை வரும்?

மத்தியானம் ஷாமினி போனைத் தடவிக்கொண்டே சாப்பிட்டாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"ம்மா, ரூம்ல உள்ளவங்களுக்குப் போட்டியா?"

"செடிக்கா? காலையிலேயே ஊத்திட்டேன்."

"தண்ணி இல்லம்மா. சோறு. இன்னும் பசியாறல அவங்க."

"யாரு சொன்னா உனக்கு?"

ஷாமினி தோளைக் குலுக்கினாள். "தெரியல. பசிக்குதுன்னு தோணுச்சு. எனக்கு இல்ல. எனக்குப் போதும்."

லெட்சுமி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். இப்போதும் பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஒருமாதிரி இருந்தது. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் வாசுவுக்குப் போன் போட்டாள். படையலை வாளியில் போட்டதைச் சொன்னாள்.

"அண்ணி, என்ன வேல பண்ணி வச்சிருக்கீங்க? அண்ணனுக்கு வச்சத... இனிமே அதுக்கு ஒண்ணும் ஊத்தாதீங்க. ரூமைப் பூட்டுங்க. சனிக்கிழம நான் வரேன், எல்லாத்தையும் வேரோட புடுங்கிடலாம்."

"புடுங்கிட்டா ஷாமினிக்கு?"

"ஆஸ்பத்திரில பாப்போம் லா."

ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் பார்த்தாயிற்று. அவள் போனை வைத்துவிட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதன் போனது. வியாழன் போனது. ராத்திரி விளக்கு எரிந்து, கதவுக்கடியில் வெளிச்சம் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டில் அவ்வப்போது நிழல் அசைந்தது. இலை ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டாள். விடிந்ததும் விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, அதற்குப் பிறகுதான் சத்தம். ஏதோ ஒன்று வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது. சப். சப். வியாழன் முழுக்க அது நிற்கவில்லை. ஷாமினி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதே கணக்கில்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சோறு வடித்து இறக்கினாள். ஹாலில் நாற்காலி விழுந்தது.

ஓடினாள். ஷாமினி தரையில். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தலைக்கடியில் துணி வைத்தாள். மணி பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. எண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். திறந்தாள். காலி. உள்பக்கம்கூடத் துடைத்துக் கிடந்தது.

நாலு நிமிஷம். மகளின் உதடு நீலமாகியது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் அந்தச் செடி வாடையை நுகராமல் யாரும் உள்ளே வர முடியாது. பரவாயில்லை. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை. போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். அடித்தது. யாரோ மலாயில் பேசி முகவரி கேட்டார்கள். சொன்னாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

இருபது.

ஷாமினியின் வலது கை தரையில் அடித்துக்கொண்டிருந்தது. அடிப்பது நின்றது. விரல்கள் குவிந்தன. மெதுவாக எழும்பி வாய்ப்பக்கம் போயின.

உடம்பு மட்டும் இன்னும் இழுத்தது.

லெட்சுமி எழுந்தாள். சோற்றுப் பானையைத் தூக்கினாள். சூடு கையைச் சுட்டது, உறைக்கவில்லை. பூட்டைத் திறந்தாள். பச்சை பல்பைத் தேடவில்லை. கதவு வழியே ஹால் வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. பூ கெடட்டும்.

மூன்று செடிகளும் சுவரோரத் தொட்டியின் பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தத் தொட்டியில் கட்டையைக் காணோம். மண் மட்டும். நடுவில் பிளவு. பிளவின் ஓரம் ஈரமாக இருந்தது. திறந்தது. மூடியது. சப்.

மண்டியிட்டாள். ஒரு பிடி சோற்றை உருட்டினாள். "இந்தாங்க" என்றாள்.

விரலை ஏதோ கவ்வியது. பல் இல்லை. வெறும் ஈறு. கதிர் சிகிச்சைக்கு முன்னால் அவருக்குப் பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். வெதுவெதுப்பாக, வழவழவென்று, குழந்தை சப்புவதுபோல விரல்களைச் சுத்தமாகச் சப்பிய பிறகு விட்டது. களக்.

ஹாலில் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். ஷாமினி மூச்சு விட்டாள். உடம்பு தளர்ந்து கிடந்தாள். அடுத்த பிடி. அடுத்த பிடி. கை நின்றால் ஹாலில் குதிகால் தரையில் அடித்தது. கொடுத்தால் நின்றது. மற்ற மூன்று தொட்டிகளிலும் மண் விரியத் தொடங்கியிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பானையைச் சுரண்டினாள். அடியில் ஒட்டிய பருக்கைகளையும் வழித்துக் கொடுத்தாள்.

பானை காலி. கையைக் காட்டினாள். "இல்லங்க. தீந்துபோச்சு. வடிச்சுக் கொண்டுவரேன். கொஞ்சம் பொறுங்க."

குதிகால் அடித்தது. ஒன்று. இரண்டு.

வெறுங்கையை உள்ளே விட்டாள்.

ஈறு மணிக்கட்டில் மூடியது. உள்ளே இழுத்தது. குதிகால் சத்தம் நின்றுவிட்டது. முழங்கைவரை மண் வந்தது. வலி இல்லை. விரல்கள் இருக்கின்றனவா என்று அசைத்துப் பார்த்தாள், தெரியவில்லை. கீழே எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, நாலு மாடி ஏறி வர வேண்டும். அவள் முகத்தை மட்டும் ஹால் பக்கம் திருப்பி, மகளின் மார்பு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, இடது கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்து, தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.