அக்காவின் புது முகவரி

முகவரிப் புத்தகத்தில் அக்காவின் பெயருக்கு நேரே தன் வீட்டு முகவரி இருப்பதைப் பார்த்தபோது, கை தவறித் தட்டிவிட்டோம் போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அக்கா இருப்பது ராத்திரி முழுக்க ரயிலில் போனாலும் எட்டாத ஊர். திருத்தி வைத்தாள். மறுநாளும் அதே முகவரி. கூடவே பல் டாக்டருக்கு, பழைய வீட்டுக்காரருக்கு, கல்லூரித் தோழிக்கு.

அலுவலக டைரக்டரி சர்வரில் எல்லாருடைய சொந்த முகவரிப் புத்தகங்களையும் ஏற்றியவளே அவள்தான். அவரவர் புத்தகத்தை அவரவர் மட்டுமே திறக்கலாம், திருத்தலாம். பிறகு இது யார் வேலை? பக்கத்து மேசைக்காரன் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

"என் புக்ல கை வச்சியா?"

"யாரும் நுழைய முடியாம பூட்டினதே நீங்கதானே மேடம்? யாரு, எங்கிருந்து திருத்தினாங்கன்னு லாக்ல இருக்கும், பாருங்க."

பார்த்தாள். திருத்தியது அவளுடைய கணக்கு. திருத்திய இடம் அவள் வீடு. அவள் இங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில்!

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவனுக்கு அவள் பாஸ்வேர்டு தெரியும். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வழியில் அத்தானின் போன். "உங்கக்கா அங்க வந்தாளாம்மா? காலையிலேருந்து ஆளையே காணோம். கதவு உள்பக்கமா பூட்டினபடியே இருக்கு."

வீட்டுக்குள் மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் மூச்சும் வியர்வையும் கலந்து முகத்தில் அடிக்குமே, அந்தப் புழுக்கம், சன்னல்கள் எல்லாம் திறந்துகிடந்த அந்தக் கூடத்தில், சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிக்கும் அசையாமல், திரை திரையாகத் தொங்கியது. கணவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என் புக்கை எதுக்குத் தொட்டீங்க?"

"எந்த புக்கு? ஸ்டோர் ரூம்ல அவ்வளவு நேரமா என்னத்த உருட்டிட்டிருந்த? கூப்பிட்டா பதிலே இல்ல."

"நான் இப்பத்தான் வரேன்."

அவன் சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.

பொய் சொல்கிறானா? அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அக்காவின் எண்ணை அழுத்தினாள். ஸ்டோர் ரூமுக்குள் மணி அடித்தது.

பெயருக்குத்தான் ஸ்டோர் ரூம், அது அறையே இல்லை. சுவரில் பதித்த அலமாரி. தட்டுகளை விட்டால் ஒரு ஆள் நிற்க இடம் கிடையாது.

"சொல்லுடி."

போனிலும் கேட்டது. கதவுக்குப் பின்னாலும். அக்கா குரல்தான். நசுங்கிய குரல்.

"அக்கா?"

"இன்னும் எத்தன பேரைடி இங்க கூப்பிடுவ? இடமே இல்ல."

உள்ளே இன்னொரு போன் அடித்தது. இன்னொன்று. பிறகு எல்லாமே.

கணவன் அவள் கையைப் பிடித்தான். கதவு வெளிப்பக்கமாகப் புடைத்தது. தாழ்ப்பாள் வளைந்தது. நூலளவு இடைவெளி.

அதன் வழியே, தரையிலிருந்து மேல்சட்டம் வரை, ஒன்றன்மேல் ஒன்றாக, விரல்கள்.