கையெழுத்துப் போட்டவர்

அந்த மருத்துவமனை முன்பு யாருடைய வீடாகவோ இருந்தது. கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் காத்திருப்பறை ஆக்கியிருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, ஈரப் பஞ்சு நாள்பட்டுக் கிடந்தாற்போல.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நாற்பது மூக்குகளில் பிரேம் மாட்டிப் பார்ப்பாள். ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததில்லை. தன் மூக்கில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை சொன்னது கணவன்தான். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லி இவளைக் கட்டியவன். கல்யாணமான மூன்றாம் மாதமே ஆரம்பித்துவிட்டான், "மூக்கு கொஞ்சம் எடுப்பா இருந்தா லட்சணமா இருப்பே. ஒரு சின்ன ஆபரேஷன்தான்."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் இப்போதும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று வரவேற்பு மேசைக்குப் போனான்.

திரும்பினால், பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். மூக்கின் மேல் கட்டு. துணி பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"இது உன் ஆசையா, அவர் ஆசையா?"

"அவருக்குத்தான். நான் இன்னும் சரின்னு சொல்லலைங்க."

"நானும் சொல்லல."

கட்டுக்கு மேலே கண்கள் கனன்றன.

"எனக்கும் அவரேதான் கையெழுத்துப் போட்டார். மயக்க ஊசி போட்டாங்க. அப்புறம் நான் எந்திரிக்கவே இல்ல."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட காய்ச்சல்னு சொன்னாராமே?"

நர்ஸ் ஒருத்தி வந்து, கைநிறைய இருந்த ஃபைல்களை அதே நாற்காலியில் தொப்பென்று போட்டுவிட்டுப் போனாள்.

நாற்காலியில் ஃபைல்கள் மட்டும்தான் இருந்தன.

எழுந்து மேசைக்குப் போனாள். அவள் பெயர் எழுதிய சம்மதப் படிவம். அடியில் கையெழுத்து, மை காயாமல்.

அவனுடைய கையெழுத்து.

படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உங்க முதல் சம்சாரம் எதுல செத்தாங்க?"

"காய்ச்சல்னு சொன்னேன்ல. இங்க எதுக்கு அந்தப் பேச்சு?"

"இங்கதானே செத்தாங்க?"

வரவேற்பில் இருந்த பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! என் மூஞ்சி இது. கையெழுத்துப் போட நீ யாருய்யா? ஒருத்தியக் கொன்னது பத்தலையா?"

படிவத்தைக் கிழித்து அவன் முகத்திலேயே விட்டெறிந்தாள். நேரே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவனிடமிருந்து போன். குரல் உடைந்திருந்தது.

"என் மூஞ்சியெல்லாம் யாரோ நீலக் கோடு போட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருங்க வரைவாங்களே, அந்த மாதிரி. சோப்பு போட்டுத் தேய்ச்சும் போகல. வீட்ல யாருமே இல்ல. நீ வந்துடேன்..."

அவள் வாயைத் திறப்பதற்குள், போனில், அவனுக்கு வெகு அருகில் ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது.

"கொஞ்சம் அசையாம இருங்க."