குழாயில் வராத முப்பதாயிரம்

"ஐயோ... ரத்தம்! ஓடியாங்க!"

பவுனம்மாளின் அலறல் ஷா ஆலம் நகரின் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில், டெஸ்ட் அறைவரை பாய்ந்தது.

கீபோர்டில் இருந்த உமையாளின் கை அப்படியே நின்றது.

1989. ஆயுத பூஜை நாள். மணி மதியம் ஒன்று.

பின்பக்க ஸ்டோரில் மேனேஜர் நாராயணன் குப்புறக் கிடந்தார். உயிர் இல்லை. பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு பழைய டிஸ்க் டிரைவ். அதன் மூலையில் ரத்தமும் நாலைந்து நரைமுடியும்!

ஒன்றரைக்கு இன்ஸ்பெக்டர் ராதாகிருஷ்ணன் வந்துவிட்டார். ஆள் ஒல்லி. பார்வை மட்டும் கனம்.

"இந்தக் கட்டடத்துல யார் யார் இருந்தீங்க?"

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க சார்." முதலாளி சாத்தப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. "பன்னெண்டரைக்கு நான் கிள்ளான்லேருந்து ஸ்டோர்ல இருந்த நாராயணன்கூட போன்ல பேசிக்கிட்டிருந்தேன். திடீர்னு ஒரு 'ஐயோ'... அவ்வளவுதான்! காரை எடுத்துக்கிட்டுப் பறந்து வந்தேன். கூட்டுற பவுனம்மாளை ஸ்டோர்ல பாக்கச் சொன்னேன்."

"அவங்களைத் தவிர?"

"இந்தப் பொண்ணு உமையாள். மாடியில விஜயன். ரெண்டு பேரும் மெஷின் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தாங்க."

இன்ஸ்பெக்டர் உமையாள் பக்கம் திரும்பினார்.

"காலையில மேனேஜரோட பெரிய சண்டையாமே?"

சண்டை உண்மைதான். மெஷினுக்குப் பொட்டு வைக்க அரைமணி கேட்டாள். 'டெஸ்ட் நின்னா ஒன் வேலையும் நிக்கும்!' என்று நாராயணன் போட்ட கூச்சல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"ஸ்டோர் உங்க ரூமுக்குப் பின்னாடியே இருக்கு. ஸ்டேஷன்ல போய்ப் பேசலாமா?"

"சார், ஒரு நிமிஷம் லா!"

அந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டபடியே மாடியிலிருந்து விஜயன் இறங்கி வந்தான். கையில் ஒரு தாள்.

"அவங்க சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்ல. ப்ரூஃப் இருக்கு!"

"என்ன ப்ரூஃப்?"

"இவங்க புரோகிராம் நம்பரா அனுப்பிக்கிட்டே இருக்கும் சார். மெஷினுக்குள்ளயே பைப் மாதிரி ஒரு வழி... அதுல வரும். இன்னொரு புரோகிராம் அதைப் படிச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு ரெண்டு பேரு ஸ்கிரீன்லயும் காட்டும். பேங்குக்குப் போற மெஷின். பத்து மணி நேரம் மூச்சு முட்ட ஓட்டணும்."

"அதுக்கும் இந்தம்மா சீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஐயாயிரம் நம்பருக்கு ஒரு தடவ இவங்க கீ அமுக்கணும். அமுக்கலன்னா நின்னுரும். ஆள் தூங்காம இருக்க மேனேஜர் வச்ச ரூல்." விஜயன் தாளை நீட்டினான். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதியிருக்கேன். காலை எட்டுலேருந்து ஒரு மணி வரைக்கும் மூணு லட்சம். எங்கயும் நிக்கல!"

நிமிடத்துக்கு ஆயிரம். கச்சிதமாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டரின் முகம் இளகியது. "அப்ப நீங்க தப்பிச்சீங்கம்மா."

உமையாள் தாளை எட்டிப் பார்த்தாள். அந்தக் கணக்கு நடக்கவே முடியாது!

ஏனென்றால்... அவள் டெஸ்ட்டை நிறுத்தியிருந்தாள்!

பன்னிரண்டே காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தை மெஷினுக்கு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவளும் பவுனம்மாளும் கற்பூரம் காட்டினார்கள்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். உயிரும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும். திறந்தால் பவுனம்மாளின் வேலைக்கும் சேர்த்து உலை!

நாராயணன் சிடுமூஞ்சிதான். அதற்காக அவரைக் கொன்றவனைச் சும்மா விடுவதா? அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார்... அந்தத் தாள் பொய்!"

"உமையாள்! ஒன்னைக் காப்பாத்தத்தானே நான்..." விஜயன் பதறினான்.

"நான் அரைமணி நேரம் நிறுத்திட்டேன் சார். பூஜை போட."

"நிறுத்தினியா?" சாத்தப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் கை விலங்கைத் தொட்டது. "யோசிச்சுப் பேசுங்கம்மா. அப்ப பன்னெண்டரைக்கு நீங்க சீட்டுல இல்ல!"

"இல்லதான். ஆனா என் ஸ்கிரீனைப் பாருங்க. அலறல் கேட்டதுக்கு அப்புறம் நான் கீ அமுக்கவே இல்ல. ஒரு மணியோட நிக்குது."

எல்லாரும் பார்த்தார்கள்.

இரண்டு லட்சத்து எழுபதாயிரம்!

"நான் அனுப்பினதே இவ்வளவுதான். அனுப்பாத முப்பதாயிரத்தை எங்கேருந்து படிச்சீங்க, விஜயண்ணே?"

விஜயனுக்கு முகம் வெளிறியது.

"காலை பூரா ஒரே வேகம். மத்தியானமும் அப்படித்தான் ஏறும்னு முன்கூட்டியே எழுதி வச்சுட்டுக் கீழ இறங்கிட்டீங்க! பதட்டத்துல திரும்பி வந்தும் ஸ்கிரீனைப் பாக்கவே இல்ல!"

"இந்தப் பொண்ணு என்கூடத்தான் இருந்துச்சு!" வாசலிலிருந்து பவுனம்மாள் கத்தினாள். "நான்தான் கற்பூரம் காட்டினேன். வேலை போனா போவட்டும்!"

விஜயன் பாய்ந்தான். வாசலில் நின்ற போலீஸ்காரர் காலை நீட்டினார். தடால்!

"கொல்லணும்னு போகல சார்..." தரையில் கிடந்தபடியே அழுதான். "எப்பவும்போல மெமரி போர்டு எடுத்து ஸ்ரீ கெம்பாங்கான் கடையில விக்கலாம்னுதான் போனேன். உள்ள மேனேஜர் போன் பேசிக்கிட்டிருந்தாரு... திரும்பிப் பாத்துட்டாரு..."

சாத்தப்பன் கண்களைத் துடைத்துக்கொண்டார். "டெஸ்ட்டை என்னம்மா பண்றது?"

"மறுபடி ஒண்ணுலேருந்து ஓட்டணும் பாஸ்."

"ஓட்டு. பவுனம்மா, நீயும் போய் வேலையைப் பாரு."

இன்ஸ்பெக்டர் விஜயனைத் தூக்கி நிறுத்தி விலங்கு மாட்டினார்.

"வாங்க தம்பி. அங்கயும் உங்களுக்கு எண்ணுற வேலைதான்... கம்பியை! ஆனா அதை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது லா!"