காதணி விழா பேனருக்குப் பின்னால்

வானத்திலிருந்து எது விழுந்தாலும் கடவுள் செயல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்... அது அடுத்தவர் புளிச்சோற்றில் விழாதவரை.

மதன்குமாரின் ட்ரோன் புளிச்சோற்றில்தான் விழுந்தது.

இரண்டு நிமிடத்துக்கு முன்புவரை அது அய்யலூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் கம்பீரமாகத்தான் பறந்துகொண்டிருந்தது. கீழே, தை மாதம் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற முகேஷ்குமாரும் பானுப்ரியாவும் அவன் எடுக்கும் கல்யாண வீடியோவுக்காக ஒருவரை நோக்கி ஒருவர் மெதுவாக ஓடி வந்தார்கள். நான்காவது முறையாக. மூன்று முறையும் பாதி வழியில் மாப்பிள்ளைக்கு நெருஞ்சி முள் குத்திவிட்டது. இந்த முறை காதலர்கள் கிட்டத்தட்ட சேர்ந்தேவிட்டார்கள். அப்போதுதான் மரத்திலிருந்து ஒரு வல்லூறு கிளம்பி வந்து ட்ரோனை ஒரு உதை விட்டது.

மதன்குமார் புதருக்குள் பாய்ந்து ஓடினான். மறுபக்கம் உசிலமர நிழலில் ஒரு பெண். காக்கி உடுப்பு. மடியில் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸில் ட்ரோன். அதன் ஒற்றை இறக்கை இன்னும் சுற்றிச் சுற்றிப் பருக்கைகளை இறைத்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு கடலைப் பருப்பைத் தட்டிவிட்டு, அவள் நிமிர்ந்து பார்த்தாள்...

முதல் பார்வையில் மின்னல் அடிக்கும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். மின்னல் காக்கி உடுத்தி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

“இது யாருது?”

“என்னுதுதாங்க மேடம்... அடி ஏதும் பட்டுருச்சா?”

“எனக்கா, இதுக்கா?”

“இதுக்கு...” என்றான். தொழில் பக்தி. சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் எழுந்து நின்றாள். சட்டையில் பெயர் தெரிந்தது. பாண்டிச்செல்வி, வனக்காப்பாளர்.

“இது தேவாங்கு சரணாலயம். இதுக்குள்ள ட்ரோன் விடக்கூடாது.”

“ட்ரோன் இல்லங்க மேடம், இது ஹெலிகேம்.”

“கல்யாண வீட்ல விட்டா ஹெலிகேம். காட்டுக்குள்ள விட்டா ட்ரோன். இனிமே அது சான்றுப் பொருள்.”

அதற்குள் முகேஷ் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். “ஏலே மாப்ள, என்னடா தேவாங்கு மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கிற?”

பாண்டிச்செல்வி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். “தேவாங்கை எதுக்கு அசிங்கப்படுத்துறீங்க? என்னைக்காவது அது கண்ணை நேர்ல பார்த்திருக்கீங்களா? அம்புட்டு அழகு... இவருக்கு அதெல்லாம் வராது.”

மதன்குமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்களின் அழகைப் பற்றிப் பேசத் தகுதியான ஆள்தான் பேசுகிறாள் என்று பட்டது.

“போர்டு வச்சிருந்தா நாங்க ஏன் மேடம் விடப்போறோம்?” என்றான் முகேஷ். “எங்க இருக்கு போர்டு?”

“வாங்க, காட்டுறேன்.”

மண் பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் இருந்தன. நடுவில் இருந்தது போர்டு இல்லை. பத்தடி அகலத்துக்கு ஒரு காதணி விழா பேனர். காது குத்திக்கொள்ளும் குழந்தை ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தது. மீதி இடம் முழுக்கப் பன்னிரண்டு தாய்மாமன்கள், பன்னிரண்டு கூலிங் கிளாஸ்கள். அடியில், எறும்பு மட்டுமே வாசிக்கக்கூடிய எழுத்தில் ஒரு வரி... ‘டிசைன்: மதன் ஃபோட்டோஸ், வடமதுரை’.

மதன்குமார் தன் கையாலேயே கட்டிய பேனர்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து பேனர் கட்ட வேண்டியிருந்தது. ஒன்பதைக் கட்டியாயிற்று. பத்தாவதுக்கு இடமில்லை. அப்போது கண்ணில் பட்டவைதான் இந்தக் கம்பங்கள். நடுவில் பச்சையாக என்னமோ இருந்தது, அதில் என்னமோ எழுதியிருந்தது. அரசாங்கம் எழுதி வைப்பதை நின்று வாசிக்கும் பழக்கம் அவன் பரம்பரைக்கே கிடையாது.

அவன் நைசாக நகர்ந்து, அந்த எறும்பு எழுத்தை முதுகால் மறைத்து நின்றுகொண்டான்.

பாண்டிச்செல்வி பேனரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பின்னால் பலகை பத்திரமாக இருந்தது. ட்ரோன் படத்தின் மேல் சிவப்புக் கோடு. அவள் முகத்திலிருந்து அத்தனை அதிகாரமும் வடிந்துவிட்டது.

“திங்கக்கிழமையிலருந்து மலைக்கு அந்தப் பக்கம் தேவாங்கு கணக்கெடுப்பு... இந்தப் பாதைக்கு வரவே இல்ல...” தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“போர்டே தெரியலையே! கேஸ் எப்படி நிக்கும்?” முகேஷுக்கு முள் குத்திய வலியே போய்விட்டது.

அவள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். மதன்குமார் ஓடிப்போய் உதவினான். எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி பேனரைச் சுருட்டிக் கொடுத்தான்.

“தேங்க்ஸ்” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை நெருஞ்சி முள்ளைவிட ஆழமாகக் குத்தியது.

*

வனச்சரக அலுவலகத்தில் சிறகொடிந்த ட்ரோனும் சுருட்டிய பேனரும் ஒரே மூலையில் பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தன. குற்றவாளிகள் இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவில்லை.

ரேஞ்சர் அந்தோணிமுத்து ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி வைத்திருப்பவர். “தம்பி, திங்கக்கிழமை வந்து வாக்குமூலம் எழுதிக் குடு. போர்டு தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. எச்சரிச்சு விட்டுருவோம், மெஷினையும் எடுத்துக்கலாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்மா பாண்டிச்செல்வி... அப்படி எழுதிட்டா ஒனக்கு மெமோ குடுக்காம இருக்க முடியாது. வேலைக்கு வந்து இன்னும் ரெண்டு வருசம் முடியல. நிரந்தரம் ஆகுறது தள்ளிப்போகும், பார்த்துக்க” என்றார்.

“சரிங்க சார்.”

அவ்வளவுதான் சொன்னாள். மதன்குமாருக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. உண்மையில் பாதியை எழுதினால் போதும், தை மாதக் கல்யாணங்கள் அத்தனைக்கும் ட்ரோன் தயார். மீதிப் பாதியைச் சொன்னால் ட்ரோன் போச்சு... அவளும் முகத்தில் முழிக்க மாட்டாள்.

சனிக்கிழமை, ட்ரோன் பறந்த இடத்தை அடையாளம் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். ரேஞ்சர் ஜீப்பிலேயே இருந்துவிட்டார். முழங்கால் வலியாம். இருவரும் காட்டுக்குள் நடந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை... ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு புளியமரத்தடிக்கு ஓடினார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் மழை வந்து நின்றுகொண்டது. அவள் இமை நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கியது. அதை யாரும் படம் எடுக்கவில்லையே என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

“என்ன பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல மேடம். லைட்டிங் நல்லாருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “சத்தம் போடாம மேல பாருங்க” என்றாள்.

கிளைகள் பின்னிக்கிடந்த இடத்தில் நனைந்த பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று. உற்றுப் பார்த்தபோது அதற்குள் இம்புட்டுக்காணு சின்னதாக இன்னொரு உருண்டை... தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி.

“பகல் பூரா தூங்கும். அன்னைக்கு உங்க ட்ரோன் இது தலைக்கு மேலதான் போச்சு. இரைச்சல்ல பதறி எந்திரிச்சு, குட்டி பிடி நழுவியிருந்தா...”

அந்த நேரம் பார்த்துத் தாய் தேவாங்கு மெல்லக் கண் திறந்தது. முகம் முழுக்கக் கண். உலகத்தில் யார்மீதும் புகார் இல்லாத கண். மதன்குமாரைப் பார்த்தது... மறுபடி மூடிக்கொண்டது.

“நீங்க சொன்னது சரிதான்” என்றான் மெதுவாக. “எனக்கு அதெல்லாம் வராது.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதல்முறையாக, கேஸாகப் பார்க்காமல் ஆளாகப் பார்த்தாள்.

“குஜிலியம்பாறை பக்கம் எங்க ஊரு. வானம் பார்த்த பூமி. மழையை இப்படி மரத்தடியில நின்னு பாக்கணும்னே இந்த வேலைக்கு வந்தேன்னு எங்கம்மா திட்டும்.” முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள். “திங்கக்கிழமை உள்ளதை எழுதுங்க. போர்டு தெரியல, அது உண்மை. எனக்காகப் பாவம் பார்த்துப் பொய் எதுவும் எழுதிராதீங்க. மெமோ வந்தா வாங்கிக்கிறேன். பேனர் கட்டுனவன் மட்டும் கையில கெடைக்கட்டும்... வச்சுக்கிறேன்.”

கடைசி வாக்கியத்தில் அவன் ஒரு அடி தள்ளி மழைக்குள் நின்றுகொண்டான்.

“ஏன் நனையுறீங்க?”

“பரவால்ல மேடம்... பழகிக்கிறேன்.”

*

திங்கட்கிழமை அவன் வாக்குமூலம் எழுத ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். பரீட்சைக்குக்கூட அவன் கூடுதல் தாள் வாங்கியதில்லை. எழுதி நீட்டினான்.

“எழுதிக் குடுத்தவருக்குப் படிச்சுக் காட்டணும், அதான் முறை. படிம்மா” என்றார் ரேஞ்சர்.

பாண்டிச்செல்வி தாளை எடுத்துக்கொண்டு அலுவலகக் குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

“மேற்படி தேதியில் நான் சரணாலய எல்லைக்குள் ட்ரோன் பறக்கவிட்டது உண்மை. அறிவிப்புப் பலகை பேனரால் மறைக்கப்பட்டிருந்தது உண்மை. அந்தப் பேனரைக் கட்டியது...” அந்த வரியை மறுபடி பார்த்தாள். “...கட்டியது நானே. அதன் கீழ் எனது ஸ்டுடியோ பெயர் உள்ளது. வனக்காப்பாளர் கணக்கெடுப்புப் பணிக்குச் சென்ற நாட்களில் பலகை மறைந்திருந்தது முழுக்க என் தவறு. அவர்மீது எந்தத் தவறும் இல்லை.”

ரேஞ்சர் எழுந்துபோய் மூலையில் இருந்த பேனரை விரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “அட... ஆமாய்யா.”

அவள் தாளைத் தாழ்த்தினாள். அந்தப் பெரிய கண்கள் கலங்கி, சிவந்து...

“சனிக்கிழமை பூரா பக்கத்துல நின்னீங்களே... அப்பவும் வாயத் தொறக்கல!”

“மீதியையும் படிச்சுருங்க மேடம்...”

“தேங்க்ஸ் வேற சொன்னேன் உங்களுக்கு!”

“அதாங்க தூங்க விடல.”

“பாதியில நிறுத்தக்கூடாதும்மா” என்றார் ரேஞ்சர்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபம் குறையாத அதே அலுவலகக் குரலில் தொடர்ந்தாள். “இதை அன்றே சொல்லாததற்குக் காரணம், முதலில் ட்ரோன் போய்விடும் என்ற பயம். சனிக்கிழமை மழைக்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது. சொன்னால் வனக்காப்பாளர் என்னிடம் பேசமாட்டார் என்ற பயம் வந்துவிட்டது. இரண்டாவது பயமே பெரிதாக இருக்கிறது. ட்ரோனை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்... அவர் என்னைத் திட்டவாவது...”

என்ன வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நின்றுவிட்டாள். காது மடல் வரை சிவந்துவிட்டது. வெளியே தூறல் மட்டும் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது.

அந்தோணிமுத்து தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருடச் சர்வீஸில் சந்தனக் கட்டை, முயல், உடும்பு எல்லாம் பார்த்தவர். இது புதுசு.

“தம்பி... பலகையை மறைச்சதுக்கும் சேர்த்துக் கேஸ் போகும். மெஷின் தை மாசத்துக்குள்ள வராது.”

“சரிங்க சார்.”

“பாண்டிச்செல்வி, ஒனக்கு மெமோ இல்ல. ஆனா அந்தக் கடைசி வரிங்க கேஸுக்குச் சம்பந்தமில்லாதது. அதை அடிச்சுட்டு, அவர்கிட்ட கையெழுத்து வாங்கு. நான் செத்த நேரம் டீ குடிச்சுட்டு வாரேன்.” முழங்கால் வலியையும் மறந்து விறுவிறுவென்று போய்விட்டார்.

அவள் பேனாவை எடுத்தாள். கடைசி வரிகளின் மேல் கொண்டுபோனாள்... நின்றாள்.

“அடிச்சுரட்டுமா?”

“உங்க இஷ்டம் மேடம். உள்ளதை எழுதச் சொன்னீங்க. எழுதிட்டேன்.”

“தைக்கு என்ன பண்ணுவீங்க?”

“தரையிலருந்தே எடுப்பேன். மாப்பிள்ளை மூஞ்சி மேலருந்து பார்த்தா மட்டும் நல்லாவா இருக்கப்போகுது?”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஸ்கேல் வைத்து, ஒரே நேராக, அந்த வரிகளை அடித்தாள். மதன்குமாரின் நெஞ்சுக்குள் ஏதோ சுற்றிச் சுற்றிக் கீழே விழுந்தது.

“ஃபைல்ல இது இருக்கக்கூடாது. நாலு ஆபீசுக்குப் போகும், நாலு பேர் படிப்பாங்க...” மேசை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “தனியா எழுதிக் குடுங்க.”

“யாருக்குங்க மேடம்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழையைப் பார்க்கிறாளாம்.

“மேடம்னு ஆரம்பிக்காதீங்க. எனக்குப் பேர் இருக்கு.”