ஒருத்தர் போதும்

துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த மகள் சுவாதியின் பள்ளிச் சட்டைக்கு நிழல் இல்லை.

அன்புக்கரசி கையில் கிளிப்போடு அப்படியே நின்றாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உச்சிப் பொழுதாக இருந்தாலும் பரவாயில்லை, மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. கொடிக்கம்பத்துக்கும் நிழல் இல்லை, நீல நிறத் தண்ணீர் டிரம்முக்கும் இல்லை. குனிந்து பார்த்தால் அவள் காலடியிலும் வெறும் சிமெண்டுத் தரைதான். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். கவலைப்பட நேரம் ஏது? இரண்டரை மணிக்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். இரண்டரைக்கு இளவழகன் வந்துவிடுவான்.

வருவான் என்றால் நேரில் இல்லை. அவள் புருஷன் வளைகுடாவில் ஒரு கட்டிடக் கம்பெனியில் பிளான் வரையும் டிராப்ட்ஸ்மேன். போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கிருந்து வீடியோ கால் எடுக்காது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊர். அதற்குள் மனிதர்கள் பொம்மை உருவத்தில் போய் நடக்கலாம், உட்காரலாம், பேசலாம். இளவழகன் சும்மா இருப்பானா? செஞ்சியில் இருக்கும் தங்கள் வீட்டையே அச்சு மாறாமல் அதற்குள் கட்டிவிட்டான். திருவண்ணாமலை ரோட்டிலிருந்து பிரியும் சந்து, பச்சை கேட், தண்ணீர் டிரம், சமையலறை ஜன்னலில் தெரியும் ராஜகிரி மலை, எல்லாம் உண்டு. தன் பொம்மைக்குத் தன் போட்டோவையே முகமாக ஒட்டியிருந்தான். தினமும் அவனுடைய சாப்பாட்டு வேளையில் இருவரும் அந்த வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கு அதுதான் குடும்பம்.

கோளாறெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. அவள் பிளஸ் டூ படித்தபோது இலவசமாகக் கிடைத்தது. பேட்டரி செத்து நாலு வருஷம். சார்ஜரைப் பிடுங்கினால் மறு நொடி அணைந்துவிடும். அதில் இளவழகன் முதலில் சாம்பல் நிற உருவமாகத்தான் வந்து நிற்பான். பிறகு செருப்பு வரும், பேண்ட் வரும், சட்டை வரும். முகம் வர இருபது நிமிஷம் ஆகும். வாய் அசைந்து ஓய்ந்த பிறகுதான் குரல் கேட்கும்.

"இன்னா கரசி, எப்பப் பாரு கல்லு மாதிரி நிக்கற. நான் பேசறது கேக்குதா, இல்லியா?" என்று அவன் சலித்துக்கொள்வது நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் ஒருநாள் அவன் வருவதையே நிறுத்திவிடுவான் என்று அவள் பயந்தாள்.

அதனால்தான் திங்கட்கிழமை அந்த லேப்டாப்பைப் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தங்கராஜிடம் தூக்கிப் போயிருந்தாள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த லேப்டாப்புக்கு இதுக்கு மேல தெம்பு இல்லக்கா. தேவையில்லாததெல்லாம் ஒண்ணொண்ணா அணைச்சுக்கினே வாங்க. மொதல்ல நெழலு. நெழல் வரையறதுக்கே இது பாதி உசுர வுடுது." சொல்லிக்கொண்டே செட்டிங்ஸில் நிழலை அணைத்துக் கொடுத்தான்.

நிழல் காணாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமை இளவழகனின் முகம் பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆசை விடுமா? சாயங்காலமே தங்கராஜுக்குப் போன் போட்டாள்.

"தூரத்தக் கொறைங்கக்கா," என்றான் அவன். "மலைய வேற எதுக்கு வரையணும் அது? வூடு தெரிஞ்சா போதும்ல?"

அவள் தூரத்தை அறுபத்து நாலு மீட்டருக்கு இறக்கினாள்.

புதன்கிழமை காலையில் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்தது, அந்தச் சத்தம் கடுகு அடங்கிய பிறகு தனியாக வந்தது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாசனைக்காகக் காத்திருந்தாள். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறக்கி வைத்த பிறகு, யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததுபோல் வாசனை வந்து சேர்ந்தது. ஏதோ தோன்றி ஜன்னலைப் பார்த்தாள். மலை இல்லை. பனியும் இல்லை, தூசியும் இல்லை. கடைசி வீட்டு மொட்டை மாடிக்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளை, அதில் ஒரு காக்கைகூட இல்லை.

வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டு துரைக்கண்ணு அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மலை எங்கக்கா?"

"இன்னாடி கேள்வி இது? தோ, எதிர்லியே நிக்குது. ராவெல்லாம் தூங்கலியா நீ?"

செதில் ஒட்டிய அவள் விரல் அந்த வெள்ளையைக் காட்டியது.

அன்புக்கரசி உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தாள். தூரத்தைப் பழையபடி ஏற்றினாள். ஏறவில்லை. நிழலைத் தட்டினாள். அதுவும் எடுக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே வரிதான் வந்தது: இந்தக் கணினியின் திறனுக்கு மேற்பட்டது. குறைக்கலாம். கூட்ட முடியாது.

அன்றே அந்த லேப்டாப்பை மூடிப் பரண்மேல் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டரைக்கு இளவழகனின் முகம் ஐந்தே நிமிஷத்தில் வந்தது.

"இப்பத்தான் பேசற மாதிரி இருக்குது," என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலை போட்டுத் தரேன்றாங்க கரசி. வெள்ளிக்கெழமை முடிவு சொல்லணும். அன்னிக்கு அரை நாளுதான் ஆபீஸ். ஒக்காந்து பேசலாம்."

இன்னும் இரண்டு வருஷம். இப்போதே, நைனா எப்படி இருப்பார் என்று கேட்டால் சுவாதி போட்டோவைத்தான் காட்டுகிறாள். வெள்ளிக்கிழமை அவன் மனத்தைத் திருப்பியே ஆக வேண்டும். மலை எங்கே போய்விடும், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெயிலில் நடக்கும்போது தரையைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. இரண்டு உருவங்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தன. லேப்டாப்பின் விசிறி இரைந்தது. சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது.

"யோசிச்சுப் பாத்தேன் கரசி. நான் இன்னா முடிவு பண்ணேன்னா..."

நின்றுவிட்டது. திறந்த வாய் திறந்தபடி. ஒரு கண் பாதி மூடியபடி. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். அவன் அங்கே தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பான், இவள் பதில் சொல்லாமல் கல்லாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே. பேசட்டும், எழுந்து போய்விடக் கூடாது. அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். குறைக்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

எத்தனை பேரை முழுதாகக் காட்ட வேண்டும்? பதினாறு என்று இருந்தது.

ஜன்னலின் வெள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

"எனக்கு அவரு ஒருத்தர் போதும்," என்று வாய்விட்டே சொன்னாள். ஒன்றுக்கு இறக்கினாள்.

கண்ணாடி துடைத்ததுபோல முகம் பளிச்சென்று வந்தது. தாடையில் இருக்கும் மச்சம்கூடத் தெரிந்தது. குரலும் வாயசைவும் சேர்ந்தே வந்தன.

"...வேணாம்னு சொல்லிட்டேன். ஜூன்ல வந்துடறேன். போதும்டி, பொம்மையாட்டம் ஒக்காந்து பேசனது."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷத்தில் நேரம் போனதே தெரியவில்லை. சுவாதிக்கு என்ன வாங்கி வருவது, வந்ததும் எங்கே போவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் மாற்றிப் போடுவது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலை ஒட்டி யாரோ நடந்து போனார்கள். துரைக்கண்ணு அக்காவின் நடைதான். உருவம் மட்டும் பிசைந்த மண்போல இருந்தது.

அன்புக்கரசி பேச்சை நிறுத்தினாள்.

நாலே கால். சந்து முனையில் பள்ளி வேனின் ஹார்ன்.

கேட் திறந்தது. சத்தம் பிறகு வந்தது.

"ம்மா."

அவள் திரும்பினாள்.

வாசலில் ஒன்று நின்றது. சுவாதியின் உயரம். சாம்பல் நிறம். தோளில் பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒன்றும் இல்லை.

"ம்மா, பசிக்குது."

அது உள்ளே வந்தது.

லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றை இரண்டாக்கினாள். இந்தக் கணினியின் திறனுக்கு மேற்பட்டது. மறுபடி. மேற்பட்டது. மறுபடி. ஒருத்தர்தான். ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, போயிடுங்க!"

"இன்னா ஆச்சு கரசி?"

"வெளிய போயிடுங்க! மூடிட்டுப் போங்க!"

"பாப்பா வந்துட்டாளா? ஒரு தபா அவகிட்ட..."

"போய்யா!"

அவன் முகம் வாடியதை அவள் தெளிவாகப் பார்த்தாள். பிறகு அந்தக் கூடம் காலியானது.

விசிறி இரைந்தது. வாசல் பக்கம் மெல்லத் திரும்பினாள். வருகிறது. கறுப்பு ஷூ. புழுதி படிந்த வெள்ளை சாக்ஸ். முட்டியில் நேற்று விழுந்த காயம், அதில் அவள் போட்ட மஞ்சள். நீலப் பாவாடை. பெல்ட். மை ஒட்டிய விரல்கள். சட்டைப் பொத்தான், ஒன்று, இரண்டு, மூன்று. கழுத்து.

"வா," என்றாள். "வாடி கண்ணு. வந்துடு."

கரண்ட் போனது.

மின்விசிறி ஓய்ந்தது. லேப்டாப் கறுத்தது. பிள்ளை கழுத்து வரை வந்து நின்றாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. லேப்டாப் வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, அறுபத்து நாலு மீட்டருக்கு மேல் தெரியாமல், ஓட ஓட எதிரில் முளைத்த ரோட்டில் ஓடினாள். கடைக்குள் இருந்த சாம்பல் உருவம் தங்கராஜின் குரலில் சொன்னது: "போர்டு போயிடுச்சுக்கா. இத்தினி வருஷம் ஒழைச்சதே பெருசு. இனிமே இது எந்திரிக்காது."

கூடத்தில் மாட்டியிருந்த சுவாதியின் பிறந்தநாள் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். கேக் இருந்தது, மெழுகுவத்தி இருந்தது, கவுன் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். உள்ளேயும் வரவில்லை. ஜூன் மாதம் இளவழகன் வருவான். பஸ்ஸிலிருந்து என்ன இறங்கும் என்று நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

"ம்மா, எவ்ளோ நேரம்? பசிக்குதுன்னு சொன்னேன்ல?"

தட்டில் சோறு போட்டாள். ரசம் ஊற்றிப் பிசைந்தாள். தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை வழக்கம்போல மடியில் ஏறிக்கொண்டாள். அதே கனம், தலையில் அதே வியர்வை வாடை.

"ஊட்டும்மா."

அன்புக்கரசி ஒரு கவளம் உருட்டி, வாய் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோனாள். அந்த வழவழப்பு விலகிக் கொடுத்தது. சோறும் அவள் விரல்களும் உள்ளே போயின. உள்ளே பல் இல்லை, நாக்கு இல்லை, ஈரமும் இல்லை.

விரல்கள் மட்டும் வெறுமையாகத் திரும்பி வந்தன.

"இன்னொரு வாய்," என்றது சுவாதியின் குரல், கொஞ்ச நேரம் கழித்து.