பேரும் நட்சத்திரமும்

மலாய் நாட்டு ஊரான காஜா பேராங்கில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் தலை நிமிர்ந்து நடப்பவர்கள் என்று பெயர். அந்த நடைக்கு ஒருநாள் சோதனை வந்தது. காப்பாற்றியவள் அப்போது பத்து வயதான என் அக்கா தேவானை.

வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாயும்போது அம்மா சிவகாமியும் சித்தியும் மாரியம்மன் கோயிலுக்கு விளக்கேற்றப் போவார்கள். தேவானையும் கூடப் போவாள். வழியில் மாட்டுவண்டிக் கொட்டகை. அங்கே விளக்குக் கிடையாது. சில வாரங்களாக அந்த இருட்டிலிருந்து சீட்டி ஒலி வந்தது. கேலிப் பாட்டும் வந்தது.

அப்பா சபாபதிக்கு விஷயம் தெரிந்ததும் மீசை துடித்தது.

"இனிமே பொம்பளைங்க போக வேணாம். நானே விளக்கேத்திட்டு வர்றேன்."

"நீங்களா? திரியை எண்ணெயில முக்காமலே பத்த வைப்பீங்களே!" என்றாள் தேவானை.

சித்தி சிரிப்பை அடக்கினாள். அம்மா சிரிக்கவில்லை. வாரம் முழுவதும் அவள் காத்திருப்பதே அந்த ஒரு மாலைக்குத்தான்.

"அப்பா, சீட்டி அடிக்கிறது அவங்க. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறது நாங்களா?"

"அவனுங்க யாருன்னே தெரியலையேம்மா! யாரைப் போய்க் கேட்கிறது?"

யாரென்று தெரியவில்லை. அதுதானா சங்கதி? தேவானை யோசித்தாள்.

"இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் போறோம்பா. நீங்களும் பின்னால வாங்க. ஆனா சத்தம் போடக்கூடாது."

அப்பா அரைமனதாகத் தலையசைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமையும் கொட்டகை அருகே சீட்டி கேட்டது. அம்மாவின் கை தேவானையின் கையை இறுக்கியது. தேவானை அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நேரே கொட்டகைக்குப் போனாள்.

வெளிச்சம் பட்டதும் மூன்று பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

"அண்ணே, பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க."

"எதுக்கு பாப்பா?"

"அர்ச்சனைக்குத்தான். பொம்பளைங்களைக் கண்டா உங்களுக்குத் தானா சீட்டி வருதே, பாவம்! என்ன நோயோ? அம்மன்கிட்ட சொல்லப் போறோம். பூசாரி பேரைச் சொன்னா தெருக்கோடி வரைக்கும் கேட்கும்."

சித்தியால் இம்முறை சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க சோடாக் கடை மருதப்பன் அண்ணன்தானே?" என்று விளக்கை இன்னும் உயர்த்தினாள் தேவானை.

மருதப்பன் அவசரமாக எழுந்தான். "ஐயோ, அர்ச்சனை வேணாம்! எங்க அக்கா கோயில்லதான் இருக்கு. காது பிஞ்சிரும்!"

"என் பேரும் வேணாம் லா!" என்று இன்னொருவன் வண்டிக்குப் பின்னால் நழுவினான்.

"அப்ப நோய் தீர்ந்துருச்சா?"

"தீர்ந்துருச்சு பாப்பா." மருதப்பன் அம்மாவின் பக்கம் திரும்பித் தலை குனிந்தான். "மன்னிச்சிருங்கக்கா. இனி இப்படி நடக்காது."

அம்மா அவனை நேராகப் பார்த்தாள். "சொன்ன சொல்லைக் காப்பாத்து தம்பி" என்றாள்.

பின்னால் நின்ற அப்பா, திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த மூச்சை மெல்ல வெளியே விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகைத் தூணில் ஒரு விளக்கு தொங்கியது. சோடாக் கடை விளக்கு. சீட்டி இல்லை. எதிரே வேறு வீட்டுப் பெண்கள் நால்வர் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

கோயிலில் பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார்.

வழக்கமாக அப்பாவின் பெயரை முணுமுணுக்கும் அம்மா, அன்று நிமிர்ந்து நின்றாள்.

"சிவகாமி. உத்திர நட்சத்திரம்."

வாசலில் செருப்புகளைக் காத்து நின்ற அப்பாவுக்கும் அது தெளிவாகக் கேட்டது.